நட்டம் தொடரும்போது நெஞ்சைக் காப்பது எப்படி?





வணிகத்தில் இறங்கியவர் எவரும் நட்டத்தைச் சந்திக்காமல் கரை சேர்ந்ததில்லை. ஒரு முறை நட்டம் வந்தால் மனிதன் தாங்கிக்கொள்கிறான். இரண்டாம் முறை வந்தால் பெருமூச்சு விடுகிறான். மூன்றாம், நான்காம் முறையும் தொடர்ந்து வந்தால் அவனுக்குள் ஏதோ ஒன்று முறிந்துவிடுகிறது. உறக்கம் குறைகிறது. தொழுகையில் நிற்கும்போதும் விலைக் கணக்கு கண்முன் ஓடுகிறது. பிள்ளை வந்து மடியில் அமர்ந்தால்கூட எரிச்சல் வருகிறது. மனைவியின் நகை எங்கே என்று அவள் கேட்டுவிடுவாளோ என்ற அச்சம் வீட்டு வாசலிலேயே காத்திருக்கிறது.

பங்குச் சந்தையிலோ, நாணய வணிகத்திலோ, வேறு எந்த விலைச் சந்தையிலோ இந்நிலைக்கு ஆளாகியிருப்பவருக்கும், அவரது வீட்டாருக்கும் இவ்வுரையை எழுதுகிறோம். எதை வாங்குவது, எதை விற்பது என்று கற்பிப்பது எமது நோக்கமன்று. நாம் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான்: தொடர் நட்டத்தில் மனிதனைப் பெரிதும் அழிப்பது, போன பணம் அன்று, போனதை உடனே மீட்டுவிட வேண்டும் என்ற அவசரமே! அந்த அவசரத்தை அடக்கக் கற்றவன், பணத்தை இழந்தாலும் தன்னை இழக்க மாட்டான்.

நமது கரை கற்ற பாடம்

இதனைப் புரிந்துகொள்ள நாம் தொலைவில் தேடவேண்டியதில்லை. சிலாபம், ஆராச்சிக்கட்டுவ, முந்தல், உடப்பு, புத்தளம், கற்பிட்டி என நீளும் நமது கரையோரத்தைப் பாருங்கள். 1980களில் இங்கே இறால் வளர்ப்பு பெருந்தொழிலாக எழுந்தது. கண்டல் காடுகள் வெட்டப்பட்டன. களப்பின் ஓரமெங்கும் குளங்கள் தோண்டப்பட்டன. புலி இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்தது. ஏறத்தாழ நான்கு மாதத்தில் ஓர் அறுவடை. அந்த ஓர் அறுவடையில் சிலர் வீடு கட்டினர், வாகனம் வாங்கினர். கண்டவர் அனைவரும் குளம் வெட்ட ஆசைப்பட்டனர்.

1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. அது ஒரு வைரஸ் நோய். அறிகுறி தென்பட்ட நாளிலிருந்து மூன்று முதல் பத்து நாட்களுக்குள் ஒரு குளத்தின் இறால்கள் ஏறக்குறைய முழுவதும் மடிந்துவிடக் கூடியது. குஞ்சு வாங்கிய பணம், தீன் வாங்கிய பணம், இயந்திரத்துக்கு எரித்த எண்ணெய், காவலாளியின் கூலி என எல்லாமே கண்முன் கரைந்துபோயின.

இனித்தான் கவனிக்கவேண்டிய இடம் வருகிறது. நோய் கண்ட குளத்தை என்ன செய்யவேண்டும்? நீரை உரிய முறையில் சுத்திகரித்து வெளியேற்றி, அடிச்சேற்றை அகற்றி, தரை வெடிக்கும்வரை வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பு இட்டு, குறித்த காலம் பொறுத்திருந்த பின்னரே மீண்டும் குஞ்சு விடவேண்டும். ஆனால் கடன் கழுத்தை நெரிக்கும் மனிதனுக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வரும்? “இந்த முறை விட்டால் போன முறையின் நட்டமும் சேர்ந்து வந்துவிடும்” என்று எண்ணி, குளம் காயுமுன்னரே மறுபடியும் கடன் வாங்கிக் குஞ்சு விட்டவர்களின் சேற்றிலே நோய் காத்திருந்தது. முதல் நட்டம் விதியினால் வந்தது என்றால், அடுத்த நட்டம் அவசரத்தினால் வந்தது.

அதனோடும் முடியவில்லை. நம் கரையோரப் பண்ணைகளில் பல, ஒல்லாந்தர் வாய்க்காலிலிருந்தும் களப்பிலிருந்தும் நீரை எடுத்து, அதே நீர்நிலைக்குள் கழிவையும் விட்டன. ஒருவரின் அவசரம் வாய்க்கால் வழியாக அடுத்தவரின் குளத்துக்கும் சென்றது. இன்று நமது கரையோரத்தில் கைவிடப்பட்டுக் கிடக்கும் வெறுங்குளங்கள் அக்காலத்தின் சாட்சிகளாகும். அவற்றுள் சில உப்பு வாய்க்கால்களாக மாறியுள்ளன.

பின்னர் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் பண்ணையாளர் சங்கங்களும் இணைந்து, எந்த வலயத்தார் எந்தப் பருவத்தில் குஞ்சு விடலாம் என்ற பயிர்ச் செய்கை நாட்காட்டியை நடைமுறைப்படுத்தின. அதன் உட்பொருள் என்ன? “எல்லோரும் எப்போதும் விடாதீர்கள், காயவேண்டிய காலத்தில் காயவிடுங்கள்” என்பதுதானே! தனி மனிதனின் மனவுறுதிக்கு விட்டுவிட முடியாத பொறுமையை ஓர் ஒழுங்காகவே எழுதிவைத்தார்கள். இந்த ஒழுங்கைத்தான் தொடர் நட்டத்தில் நிற்கும் ஒவ்வொரு வணிகரும் தன் நெஞ்சுக்கு எழுதிக்கொள்ள வேண்டியுள்ளது.

கைக்குள் வந்த குளம்

இன்று குளம் வெட்டாமலேயே, கையடக்கத் தொலைபேசிக்குள் விலையை வளர்க்க முயல்பவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். இறால் குளத்தில் நட்டம் வர நான்கு மாதம் வேண்டும். தொலைபேசியில் நான்கு நிமிடம் போதும். மறுபடியும் குஞ்சு விட வங்கிக்கும் பொரிப்பகத்துக்கும் அலையவேண்டியதில்லை. விரல் நுனியால் ஒரு தொடுகை போதும். அவசரத்தைத் தடுத்துநின்ற இயற்கையான வேலிகள் யாவும் அங்கே இல்லாமற் போய்விட்டன.

நமது நாட்டில் அண்மைக்கால உதாரணம் 2022ஆம் ஆண்டாகும். கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் அவ்வாண்டு ஜனவரியில் 13,000 புள்ளிகளைத் தாண்டியிருந்தது. மார்ச் மாதத்தில் ரூபா சரியத் தொடங்கியது. எரிபொருள் வரிசைகளும் மின்வெட்டும் நாட்டைச் சூழ்ந்தன. ஏப்ரல் 18ஆம் திகதி முதல் ஐந்து நாட்களுக்குச் சந்தையே மூடப்பட்டது. 25ஆம் திகதி மீண்டும் திறந்த அன்றே கடும் வீழ்ச்சியினால் வணிகம் இடைநிறுத்தப்பட்டது. அம்மாத இறுதியில் சுட்டெண் 8,000 புள்ளிகளுக்கும் கீழே நின்றது.

பின்னர் 2024ஆம் ஆண்டு முடிவில் அதே சுட்டெண் 15,000 புள்ளிகளையும் கடந்து நின்றது. ஆனால் அந்த நாளைக் காணும் வாய்ப்பு யாருக்கு இருந்திருக்கும்? கடனில்லாத தன் பணத்தில், வீட்டுச் செலவு போக மிஞ்சியதைக் கொண்டு, நல்ல நிறுவனங்களின் பங்கை வாங்கியிருந்தவருக்குத்தான் காத்திருக்க இயலும். கடன்பட்டு வாங்கியவரை, விலை வீழும்போது கடன் கொடுத்தவர் காத்திருக்க விடுவதில்லை. விழுந்ததெல்லாம் எழுந்தே தீரும் என்று நாம் கூறவில்லை. எழாமலேயே அழிந்த நிறுவனங்களும் உண்டு. பொறுமைக்கும் ஒரு முதல் வேண்டும், கடனில்லாமையே அம்முதல் என்பதையே சுட்டிக்காட்டுகின்றோம்.

எந்தச் சந்தையில் எவ்வகை வணிகம் மார்க்கத்தில் ஆகுமானது என்பது தனியாகப் பேசவேண்டிய விடயம். வட்டிக்குக் கடன் வாங்கிச் செய்வதும், விலை ஏறுமா இறங்குமா என்று வெறுமனே பந்தயம் கட்டுவதும் பேணுதலுள்ளவர் விலகி நிற்கவேண்டியவை. ஐயமிருந்தால் இறங்குமுன் தகுதியான ஆலிம்களிடம் கேளுங்கள். மெய்நிகர் நாணயங்கள் இந்நாட்டில் ஒழுங்குபடுத்தப்படாதவை, அவற்றில் முதலிடுவது ஆபத்தானது என்று இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் பொதுமக்களை எச்சரித்துள்ளதையும் மறந்துவிடலாகாது.

நெஞ்சுக்குள் நடப்பது என்ன?

வாசகரே! நட்டத்தின் போது நெஞ்சம் ஏன் இவ்வாறு தடுமாறுகிறது என்பதை ஆய்வாளர்கள் ஆராய்ந்துள்ளனர். டேனியல் கானமன், அமோஸ் ட்வேர்ஸ்கி என்னும் இருவர் 1979இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. ஆயிரம் ரூபா கிடைப்பதால் வரும் மகிழ்வைவிட, ஆயிரம் ரூபா போவதால் வரும் வேதனை ஏறத்தாழ இரு மடங்கு கனமானது என்பது அவர்களது ஆய்வுகளிலிருந்து தெரியவந்தது. ஆகவே, உங்களுக்கு வலிக்கிறது என்றால் நீங்கள் பலவீனர் என்பதன்று பொருள். மனிதன் அவ்வாறே படைக்கப்பட்டிருக்கின்றான்.

இந்த வலியிலிருந்து தப்பிக்க மனிதன் செய்வது மூன்று. முதலாவது, நட்டத்தில் உள்ளதை விற்க மறுப்பது. விற்றால் நட்டம் உறுதியாகிவிடும் என்று அஞ்சி, நன்றாக இருப்பதை விற்று, அழுகியதை வைத்துக்கொள்கிறான். இரண்டாவது, அளவைப் பெருக்குவது. “முன்பு வைத்ததைவிட இரு மடங்கு வைத்தால் ஒரே தடவையில் எல்லாம் சரியாகிவிடும்” என்று எண்ணுகிறான். மூன்றாவது, மறைப்பது. மனைவியிடம், தந்தையிடம், பங்காளியிடம், ஈற்றில் தன்னிடமே மறைக்கிறான்.

இம்மூன்றும் ஒன்றுசேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. பேரிங்ஸ் என்பது 1762இல் இலண்டனில் தொடங்கப்பட்ட பழம்பெரும் வங்கி. அதன் சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசன் என்ற இளைஞர் வணிகம் செய்தார். 1992இல் அவர் நட்டங்களை மறைக்க 88888 என்ற இலக்கத்தில் ஒரு கணக்கைப் பயன்படுத்தத் தொடங்கினார். அவ்வாண்டின் முடிவில் மறைந்திருந்த நட்டம் ஏறத்தாழ 20 இலட்சம் ஸ்டேர்லிங் பவுண். மீட்கலாம் மீட்கலாம் என்று அளவைப் பெருக்கினார். 1994 முடிவில் அது 20 கோடியைத் தாண்டியது. 1995 ஜனவரி 17இல் ஜப்பானின் கோபே நகரில் நிலநடுக்கம் நிகழ்ந்து சந்தை சரிந்தது. அப்போதும் நிறுத்தவில்லை, மேலும் வாங்கினார். பெப்ரவரி இறுதியில் நட்டம் ஏறத்தாழ 82 கோடி 70 இலட்சம் பவுண். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற வங்கி வீழ்ந்தது. அது ஒரே ஒரு பவுணுக்கு விற்கப்பட்டது. லீசன் சிறை சென்றார்.

20 இலட்சத்தில் வாய் திறந்து பேசியிருந்தால் ஒரு மனிதரின் வேலை போயிருக்கும். அவ்வளவுதான். பேசாததனால் ஒரு வங்கியே போயிற்று!

தொடர் நட்டம் துர்ச்சகுனமா?

நட்டம் தொடரும்போது சிலர், “யாரோ கண் வைத்துவிட்டார்கள், எனக்குக் கெட்ட காலம், ஒரு தாயத்து வேண்டும்” என்று தேடி அலைகின்றனர். சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் மறுத்துரைத்தார்கள் என்பது நாமறிந்ததே. கணக்கும் அதனையே உறுதிசெய்கிறது.

ஒரு நாணயத்தை நூறு தடவை சுண்டுங்கள். அதில் எங்கோ ஓரிடத்தில் பூ மட்டுமே தொடர்ந்து ஐந்து தடவை விழுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு எண்பதுக்கும் மேல். நாணயத்துக்கு யார் கண் வைத்தது? பாதிக்குப் பாதி வெற்றி காணும் திறமைசாலிக்கும் ஐந்து நட்டங்கள் அடுத்தடுத்து வருவது இயல்பானதே. அது உங்களைச் சபிக்கவும் இல்லை. “அடுத்தது கட்டாயம் இலாபம்தான்” என்று வாக்களிக்கவும் இல்லை. ஐந்து தடவை பூ விழுந்தபின் ஆறாவது தடவை தலை விழும் வாய்ப்பு முன்போலவே பாதிதான்.

இரு மடங்காக்கும் வழியின் கணக்கையும் பாருங்கள். 1,000 ரூபாவில் தொடங்கி ஒவ்வொரு நட்டத்துக்குப் பின்னும் இரு மடங்கு வைப்பவர், பத்து நட்டங்கள் தொடர்ந்தால் 10,23,000 ரூபாவை இழந்திருப்பார். அதனை மீட்க அடுத்த தடவை 10,24,000 வைக்கவேண்டும். வென்றால் கையில் மிஞ்சும் இலாபம் எவ்வளவு? அதே 1,000 ரூபா! ஆயிரம் ரூபாவுக்காக வீட்டையே பணயம் வைக்கும் கணக்கு இது.

குளத்தைக் காயவிடும் வழிகள்

இனி, செய்யவேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, நிறுத்துங்கள். எத்தனை நட்டத்தில், அல்லது எவ்வளவு தொகையில் நிறுத்துவேன் என்பதை நட்டம் வருமுன்பே, மனம் தெளிவாக இருக்கும்போது எழுதிவையுங்கள். அடுத்தடுத்து மூன்று என்றோ, முதலில் பத்தில் ஒரு பங்கு என்றோ அது இருக்கலாம். அந்த எல்லை வந்ததும் அந்த வாரம் முழுவதும் விலகி நில்லுங்கள். பெரிய அடி என்றால் ஒரு மாதம் விலகுங்கள். செயலியைத் தொலைபேசியிலிருந்தே அகற்றுங்கள். நம் மீனவர்களைப் பாருங்கள். தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் காலத்தில், நேற்றுக் கிழிந்த வலையின் விலையை இன்றே எடுத்துவிடவேண்டும் என்று எவரும் படகைத் தள்ளுவதில்லை. கரையில் அமர்ந்து வலையைப் பொத்துகிறார்கள். அது சோம்பலன்று, தொழிலின் ஒரு பகுதி.

இரண்டாவது, எழுதுங்கள். எப்போது வாங்கினேன், ஏன் வாங்கினேன், அப்போது என் மனநிலை என்ன, கோபமா, பேராசையா, பயமா என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். சரியான காரணத்தோடு செய்து நட்டமானதையும், ஆத்திரத்தில் செய்து நட்டமானதையும் தனித்தனியே பிரியுங்கள். முன்னையது வணிகத்தின் இயல்பு. பின்னையது திருத்தவேண்டிய குணம். எழுதாதவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். அவன் தன்னைத் தேவையில்லாமல் நிந்திப்பான், அல்லது தேவையான இடத்தில் நிந்திக்காமல் விடுவான். கடன்களை எழுதிவைக்குமாறு அல்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தில் பணித்திருப்பதை எண்ணிப்பாருங்கள். எழுத்து மனிதனை அவனது மறதியிலிருந்தும் காக்கிறது. அவனது பொய்யிலிருந்தும் காக்கிறது.

மூன்றாவது, அளவைக் குறையுங்கள். ஒவ்வொரு தடவையும் முதலில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கத் துணிபவரிடம், பத்து நட்டங்களின் பின் நூறு ரூபாவில் ஏறத்தாழ 11 ரூபாவே மிஞ்சும். நூற்றுக்கு இரண்டை மட்டும் இழக்கத் துணிபவரிடம் அதே பத்து நட்டங்களின் பின் ஏறத்தாழ 82 ரூபா மிஞ்சும். இருவருக்கும் வந்தது ஒரே துரதிர்ஷ்டம். ஒருவர் இரவில் உறங்குவார், மற்றவர் உறங்கமாட்டார். பாதியை இழந்தவர் பழைய நிலைக்கு வர, எஞ்சியதை இரு மடங்காக்க வேண்டும் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். விழுவது எளிது, ஏறுவது அரிது.

நான்காவது, கடனையும் அமானிதத்தையும் தொடாதீர்கள். மனைவியின் மஹர் நகை அவளது சொத்து. பிள்ளையின் படிப்புப் பணம், தந்தையின் ஹஜ் சேமிப்பு, பள்ளிவாசல் பணம், பங்காளியின் பணம் ஆகியவை மீட்பதற்கான முதலல்ல. இவற்றைத் தொட்ட நொடியில் அது வணிக நட்டமாக இராது, நம்பிக்கை முறிவாகிவிடும். பணத்தை மீண்டும் உழைக்கலாம். முறிந்த நம்பிக்கையை எந்தச் சந்தையில் வாங்குவீர்கள்?

ஐந்தாவது, ஒருவரிடமேனும் உண்மைத் தொகையைச் சொல்லுங்கள். “கொஞ்சம் போய்விட்டது” என்று சொல்லாதீர்கள், எண்ணைச் சொல்லுங்கள். சொல்லும்வரை அது இருளில் வளரும். சொன்னபின் அது ஒரு கணக்கு. கணக்குக்கு வழி காணலாம்.

அழுவதும் ஆகும், “அப்படிச் செய்திருந்தால்” ஆகாது

பொறுமை என்றால் கல்லாக இருப்பது என்று சிலர் எண்ணுகின்றனர். யாக்கூப் (அலை) அவர்கள் தம் மகன் யூஸுபை இழந்த துக்கத்தில் கண்கள் வெளுக்கும்வரை அழுதார்கள் என்று அல்குர்ஆன் கூறுகிறது. அவர்களது பொறுமை அழகிய பொறுமை என்றே போற்றப்படுகிறது. ஆகவே துக்கப்படுங்கள், தவறில்லை. அதனை அல்லாஹ்விடம் முறையிடுங்கள். கவலை, துக்கம், கடன் சுமை ஆகியவற்றிலிருந்து பாதுகாவல் தேடும் துஆவை நபி (ஸல்) அவர்கள் அதிகம் ஓதிவந்தார்கள். கவலையும் கடனும் ஒரே துஆவில் இணைந்திருப்பது சிந்திக்கத்தக்கதல்லவா?

ஆனால், “அன்றைக்கு விற்றிருந்தால், இன்று வாங்காதிருந்தால்” என்று இரவெல்லாம் உருட்டுவது வேறு. “அப்படிச் செய்திருந்தால்” என்ற சொல் ஷைத்தானின் செயலுக்கு வாசலைத் திறக்கும் என்ற கருத்தில் நபிமொழி உண்டு. இதனால் பாடம் கற்கவேண்டாம் என்பது பொருளன்று. பகலில் கொப்பியை வைத்துக்கொண்டு கற்பது பாடம். இரவில் தலையணையில் உருட்டுவது வேதனை. பாடத்துக்கு முடிவு உண்டு; உருட்டலுக்கு முடிவில்லை.

உஹத் போரை நினைத்துப் பாருங்கள். வெற்றி கண்முன் தெரிந்த வேளையில், ஙனீமத் பொருளைக் கண்டு வில்வீரர் பலர் மலையிலிருந்த தம் இடத்தை விட்டிறங்கினர். வெற்றி கைநழுவியது. எழுபது பேரளவில் ஷஹீதாயினர். அதன் பின் அல்குர்ஆன் அவர்களை அப்படியே கைவிட்டுவிடவில்லை. தவறைச் சுட்டிக்காட்டியது, மன்னிப்பை அறிவித்தது, தளர்ந்துவிட வேண்டாம் என்று தேற்றியது. நபி (ஸல்) அவர்களும் அவர்களிடம் மென்மையாகவே நடந்துகொண்டார்கள். தவறு செய்து நட்டப்பட்டவரை எவ்வாறு நடத்துவது என்பதற்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேண்டுமா?

வீட்டாருக்கும் ஜமாஅத்தாருக்கும்

நட்டப்பட்டவரின் மனைவியே! சகோதரரே! தகப்பனாரே! அவர் வாய் திறக்கும் நாளில் முதல் வார்த்தை “அப்போதே சொன்னேனே” என்பதாக இருக்கவேண்டாம். கணக்குக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, நாளைக்குக் கேளுங்கள். இன்று அவருக்கு உணவு வையுங்கள். சொன்னால் ஏச்சு விழும் என்ற அச்சமே மனிதனை மேலும் மறைக்கவும், மேலும் பணயம் வைக்கவும் தள்ளுகிறது.

கடன் கொடுத்தவர்களே! சிரமத்திலிருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு அல்குர்ஆன் ஏவுகிறது. ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாருள் கடனில் மூழ்கியவரும் ஒருவர். தகுதியுள்ளவரை ஸகாத் நிதியத்தார் அடையாளங்காண்பது ஜமாஅத்தின் கடமையாகும்.

ஒருவர் உண்ணாமல், உறங்காமல், எவரோடும் பேசாமல், “நான் இல்லாதிருந்தால் உங்களுக்கு நல்லது” என்பதுபோலப் பேசினால், அதனை வெறும் பேச்சென்று விடாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கோ, 1333 என்ற ஆலோசனைச் சேவைக்கோ அழையுங்கள். அருகிலுள்ள அரச மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலுக்கு மருந்தெடுப்பது தவக்குலுக்கு முரணில்லை என்றால், மனநோவுக்கு மருந்தெடுப்பதும் முரணாகாது. உயிர் அல்லாஹ்வின் அமானிதம். எந்தக் கடனும் அதன் விலையாகாது.

விலகுவதும் வெற்றியே

இறுதியாக ஒன்று. சிலருக்கு மருந்து இடைவேளையன்று, முற்றாக விலகுவதே. இந்தியாவின் பங்குச் சந்தை ஒழுங்குபடுத்தும் வாரியமான செபி 2024இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். எதிர்கால ஒப்பந்தம், விருப்ப ஒப்பந்தம் எனப்படும் விரைவு வணிகத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களுள், மூன்று நிதியாண்டுகளில் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்திருந்தனர். அவர்களது மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி இந்திய ரூபாவைத் தாண்டியது. அமெரிக்காவில் 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்கை ஆராய்ந்தபோது, சந்தை ஆண்டுக்கு 17.9 வீதம் ஈட்டிய காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்றவர்கள் 11.4 வீதமே ஈட்டியிருந்தனர். அதிகம் அசைந்தவர் அதிகம் இழந்தார்.

எனவே, “நான் மட்டும் ஏன் தோற்றேன்?” என்று நொந்துகொள்ளாதீர்கள். நூறில் தொண்ணூற்று மூன்று பேர் தோற்கும் களத்திலிருந்து வெளியேறுவது கோழைத்தனமாகாது. மீன், உப்பு, வெங்காயம், மிளகாய், தென்னை என்று கண்ணால் கண்டு கையால் தொடும் தொழில்கள் நமது கரையில் இன்னும் இருக்கின்றன. அவற்றிலும் நட்டம் உண்டு. ஆனால் அவை நள்ளிரவில் உங்களை எழுப்பி, இன்னும் ஒரு தடவை வை என்று கேட்பதில்லை.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, அவர்களுள் பெரும்பகுதியினர் நம் புத்தளத்துக்கே வந்து சேர்ந்தனர். வீடு, கடை, காணி, நகை அனைத்தையும் விட்டு, சிலர் உடுத்திய உடையோடு வந்தனர். அவர்கள் இழந்தது தம் தவறால் அன்று. ஆகவே ஒப்பிட்டு எவரையும் குறை சொல்ல நாம் விரும்பவில்லை. ஆனால் அவர்களது வாழ்வு ஓர் உண்மையைச் சொல்கிறது. ஓலைக் குடிசைகளிலிருந்து, வெங்காயத் தோட்டத்துக் கூலியிலிருந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து மீண்டெழுந்த குடும்பங்கள் இன்று நம் அயலவர்களாக வாழ்கின்றனர். எல்லாம் போன பின்னும் மனிதன் எஞ்சியிருந்தால், வாழ்வும் எஞ்சியிருக்கிறது. அவர்கள் ஒரே நாளில் மீட்கவில்லை. ஆண்டுகள் எடுத்தன.

போனதற்காக நொறுங்கிவிடாமலும், வந்ததற்காகப் பெருமையடிக்காமலும் இருக்கவேண்டும் என்பதே அல்ஹதீத் அத்தியாயம் நமக்குத் தரும் அளவுகோல். வாசகரே, இன்றிரவு தொலைபேசியை அணைத்து வையுங்கள். குளம் காயட்டும். நாளை ஸுபஹுத் தொழுகைக்குப் பின் கொப்பியைத் திறந்து, உண்மையான எண்ணை எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் காட்டுங்கள். மீட்சி அங்கிருந்தே தொடங்கும், இன்ஷா அல்லாஹ்.

வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் கடன் சுமையிலிருந்தும் மனச் சுமையிலிருந்தும் காத்து, ஹலாலான ரிஸ்கில் பரக்கத் செய்து, இழப்பின்போது அழகிய பொறுமையைத் தந்தருள்வானாக! ஆமீன்.